தோற்றவர்களின் முகவரிப் பட்டியல்

தமிழ் நாளிதழ்களில் அமெரிக்க கன்சர்வேட்டிவ்களுக்குப் ‘பழமைவாதிகள்’ என்று பெயர். அந்தச் சொல்லைப் படித்ததும் தாத்தா காலத்து வழக்கத்தை விடமாட்டேன் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர்தான் நினைவுக்கு வருவார். 1950களில் தங்களை கன்சர்வேட்டிவ் என்று அழைத்துக்கொண்ட அமெரிக்கர்கள் திண்ணைப் பக்கமே போகவில்லை. பத்திரிகை தொடங்கினார்கள், மாணவர் சங்கம் கட்டினார்கள், வார்டு வார்டாகக் கட்சிக் கூட்டங்களுக்குப் போய் ஓட்டுப் போட்டார்கள், முகவரிகளைக் கணிப்பொறி நாடாவில் ஏற்றினார்கள். அவர்கள் ஏங்கிய பழமை 1933க்கு முந்தைய அமெரிக்கா. ரூஸ்வெல்ட்டின் ‘நியூ டீல்’ என்ற பெரும் அரசுத் திட்டங்கள் வருவதற்கு முன்பிருந்த, வரி குறைவான, வாஷிங்டன் அதிகம் தலையிடாத நாடு. அது எப்போதோ போய்விட்டது. இருப்பதைக் காப்பவர் என்பதைவிட, போனதை மீட்க வந்தவர் என்பதே இவர்களுக்குப் பொருந்தும். அதனால் இங்கே கன்சர்வேட்டிவ் என்றே எழுதுகிறேன்.

இந்த இயக்கம் எப்படி வளர்ந்தது என்று கேட்டால் சிலர் சிந்தனையாளர்களின் பெயர்களை அடுக்குவார்கள். சிலர் கோடீஸ்வரர்களின் காசோலைகளைக் காட்டுவார்கள். சிந்தனையும் பணமும் 1934லேயே இருந்தன. அந்த ஆண்டு டூபான்ட் குடும்பத்தின் பணத்தில் ‘அமெரிக்கன் லிபர்ட்டி லீக்’ தொடங்கியது. நியூ டீலை எதிர்த்து மலைமலையாகத் துண்டுப் பிரசுரம் போட்டது. 1936 தேர்தலில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். லீக் பிறகு கலைந்தது. இருபது, முப்பது ஆண்டு கழித்து வந்தவர்களும் லீக்கைப் போலவே தோற்றுக்கொண்டேதான் இருந்தார்கள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் யார் நம்மோடு நின்றார், எங்கே குடியிருக்கிறார், எவ்வளவு கொடுத்தார் என்று எழுதி வைத்துக்கொண்டதுதான் வித்தியாசம்.

முதல் தோல்வி 1952. ஒஹையோ செனட்டர் ராபர்ட் டாஃப்ட் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக வந்துவிடுவார் என்று நம்பியிருந்தார்கள். சிகாகோ மாநாட்டில் டெக்சாஸ், ஜார்ஜியா பிரதிநிதிகள் யார் என்ற தகராறில் ஐசனோவர் தரப்பு வென்றது. வேட்புரிமையும் அவருக்கே போனது. ஐசனோவர் நியூ டீலைக் கலைக்கவில்லை. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை இன்னும் விரிவாக்கினார். டாஃப்ட் 1953இல் இறந்துபோனார். தங்கள் கட்சி ஆட்சியிலேயே தங்களுக்கு இடமில்லை என்பது அவரை நம்பியிருந்தவர்களுக்குப் புரிந்தது.

1955 நவம்பரில் நியூயார்க்கில் ‘நேஷனல் ரிவ்யூ’ பத்திரிகை வந்தது. ஆசிரியர் வில்லியம் எஃப். பக்லிக்கு முப்பது வயது நிறையச் சில நாட்கள் பாக்கி. எண்ணெய்த் தொழிலில் இருந்த அப்பா ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். மீதியை அலைந்து திரட்டினார். அதற்கு முன் ‘ஃப்ரீமன்’ என்ற வலதுசாரி இதழ் ஆசிரியர்களுக்குள் சண்டை வந்து சிதறியிருந்தது. அதைப் பார்த்தவர்கள் பங்கு அமைப்பிலேயே பூட்டுப் போட்டார்கள். பணம் போடுபவருக்குப் பங்கு உண்டு, ஓட்டுரிமை கிடையாது. ஓட்டுரிமை உள்ள பங்கு முழுவதும் பக்லியின் கையில். ஆசிரியர் குழுவில் யார் யாரோடு மோதினாலும் பத்திரிகை உடையாது. லாபம் என்பதை அந்த இதழ் பார்த்ததில்லை. ஆண்டுதோறும் வாசகர்களுக்குக் கடிதம் எழுதித்தான் நஷ்டத்தை அடைத்தது. கையேந்தும் கடிதம் எழுதும் கலை இந்த இயக்கத்துக்குப் பிறந்த நாளிலிருந்தே பழக்கம்.

ஆசிரியர் குழுவைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஜேம்ஸ் பர்ன்ஹாம் ஒரு காலத்து ட்ராட்ஸ்கியவாதி. ஃபிராங்க் மேயர் கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னாள் அமைப்பாளர். வில்லி ஷ்லாம் இளமையில் ஆஸ்திரியக் கம்யூனிஸ்ட். பின்னால் வந்து சேர்ந்த விட்டேக்கர் சேம்பர்ஸ் சோவியத்துக்காக உளவு பார்த்து, பிறகு காட்டிக்கொடுத்தவர். ஊழியரை எப்படித் தயாரிப்பது, கோட்பாட்டு வரையறை எப்படி எழுதுவது, யாரை எப்போது வெளியேற்றுவது என்பதெல்லாம் இவர்கள் எதிரியின் பள்ளியில் படித்தவை.

கோட்பாட்டு வரையறை உடனே தேவைப்பட்டது. கூடாரத்துக்குள் வந்தவர்கள் மூன்று சாதி. ஹாயெக்கைப் படித்த சந்தைக்காரர்கள். ரஸ்ஸல் கர்க்கைப் படித்த மரபுக்காரர்கள். சோவியத்தை வீழ்த்துவதே முதல் வேலை என்ற கம்யூனிச எதிர்ப்பாளர்கள். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கலாமா என்று கேட்டாலே முதல் இருவரும் முட்டிக்கொள்வார்கள். திறப்பவர் திறக்கட்டும் என்பார் ஒருவர். ஆண்டவருக்குரிய நாளை வியாபாரம் தின்னக் கூடாது என்பார் மற்றவர். மூன்றாமவருக்குப் பெரும் படையும் உளவுத்துறையும் வேண்டும். பெரும் படைக்குப் பெரிய அரசும் பெரிய வரியும் வேண்டுமே!

இந்த முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தவர் மேயர். வுட்ஸ்டாக் மலையில் குடியிருந்து, பகலெல்லாம் தூங்கி, இரவெல்லாம் நாடு முழுக்கத் தொலைபேசியில் வாதாடிக்கொண்டிருந்த மனிதர். அவர் சொன்ன வழி இது: கட்டாயப்படுத்தி வரவழைத்த ஒழுக்கம் ஒழுக்கமே ஆகாது, எனவே நல்லொழுக்கம் வேண்டுபவரும் சுதந்திரத்தைத்தான் கேட்க வேண்டும். சுதந்திரம் நிலைக்க வேண்டுமானால் மக்களிடம் மரபு ஊட்டிய ஒழுக்கம் இருக்க வேண்டும். எனவே சந்தைக்காரரும் மரபை வெட்டக் கூடாது. இருவரையும் விழுங்கக் காத்திருப்பது கம்யூனிசம். அது வீழும்வரை படைச் செலவைப் பொறுத்துக்கொள்ளலாம். இதற்கு ‘ஃப்யூஷனிசம்’ என்று பெயர் வைத்தவர் பக்லியின் மைத்துனர் பிரெண்ட் போசெல், அதுவும் கேலியாக. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தத்துவமாகப் பார்த்தால் இதில் ஓட்டை நிறைய. ஒழுக்கம் தானாக வராவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு மேயரிடம் பதில் இல்லை. தொகுதி உடன்பாடாகப் பார்த்தால் முதல்தரமான வேலை: யாருக்கும் முழுச் சம்மதம் இல்லை, யாருக்கும் வெளியேறக் காரணமும் இல்லை.

1960 செப்டம்பரில் கனெக்டிகட் மாநிலம் ஷாரனில் உள்ள பக்லி வீட்டில் ஏறக்குறைய 90 இளைஞர்கள் ஒரு வார இறுதியில் கூடினார்கள். ஸ்டான்டன் எவன்ஸ் எழுதிய ஒருபக்க அறிக்கை மேயரின் உடன்பாட்டை அப்படியே சுருக்கியது. அறிக்கையில் கடவுளைக் குறிப்பிடலாமா என்பதற்கே வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. ஆண்டவர் சில ஓட்டு வித்தியாசத்தில்தான் ஜெயித்தார். ‘யங் அமெரிக்கன்ஸ் ஃபார் ஃப்ரீடம்’ என்ற அமைப்பு அங்கே பிறந்தது.

கூடவே வந்த நோயையும் சொல்லியாக வேண்டும். 1958 டிசம்பரில் இண்டியானாபொலிஸில் மிட்டாய்த் தொழிலதிபர் ராபர்ட் வெல்ச் தொடங்கிய ‘ஜான் பர்ச் சொசைட்டி’தான் அது. வெல்ச்சுக்கு ஐசனோவரே கம்யூனிஸ்ட் கையாள். ஊர் ஊராகக் கிளை இருந்தது. சுவரொட்டி ஒட்ட, கதவு தட்ட ஆள் இருந்தது. அந்த ஆட்களே பக்லியின் சந்தாதாரர்களும்கூட. 1962இல் பக்லி எழுதிய நீண்ட தாக்குதல் தலைவர் வெல்ச்சை மட்டும் குறிவைத்தது, உறுப்பினர்களைத் தொடவில்லை. அமைப்பையே ஒதுக்க 1965 ஆனது. இதைத் துணிச்சலான களையெடுப்பு என்று பின்னால் கொண்டாடினார்கள். தலையை வெட்டி உடலை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள் என்பதே சரியான விவரணை. இன விஷயத்தில் அந்தக் களையெடுப்பும் இல்லை. 1957இல் ‘நேஷனல் ரிவ்யூ’ தலையங்கம், தென் மாநிலங்களில் வெள்ளையர் சிறுபான்மையாக உள்ள இடத்திலும் அவர்கள் கையே ஓங்கியிருக்கலாம் என்று எழுதியது. தன் நிலைப்பாடு தவறு என்று பக்லி பல பத்தாண்டு கழித்து ஒப்புக்கொண்டார்.

இனி, எந்திரம் எப்படி ஓடியது என்று பார்க்கலாம்.

1961 அக்டோபரில் சிகாகோவில் ஒரு மோட்டலில் 22 பேர் கூடினார்கள். கூட்டியவர் கிளிஃப்டன் வைட். இளைஞர் குடியரசுக் கட்சியின் உள்தேர்தல்களில் பழுத்தவர். அரிசோனா செனட்டர் பேரி கோல்ட்வாட்டரை 1964இல் வேட்பாளராக்குவது திட்டம். கோல்ட்வாட்டருக்கு அப்போது அதில் விருப்பமே இல்லை. 1960இல் அவர் பெயரில் வெளிவந்து சக்கைப்போடு போட்ட சிறு நூலை எழுதிக் கொடுத்தவர்கூட போசெல்தான்.

வைட் போட்ட கணக்கு எளியது. மாநாட்டுப் பிரதிநிதிகள் 1,308, பெரும்பான்மைக்கு 655. மூன்றில் ஒரு பங்கு மாநிலங்களில்தான் வாக்காளர்கள் நேரடியாக ஓட்டுப் போடும் பிரைமரி தேர்தல். மற்ற இடங்களில் பிரதிநிதிகள் படிப்படியாகத் தேர்வாகிறார்கள்: வட்டாரக் கூட்டம் கவுன்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) மாநாட்டுக்கு ஆள் அனுப்பும், கவுன்டி மாநாடு மாநில மாநாட்டுக்கு அனுப்பும், மாநிலம் தேசிய மாநாட்டுக்கு அனுப்பும். அடிமட்டக் கூட்டத்துக்கு வருபவர் விரல்விட்டு எண்ணும் அளவு. ஒரு வீட்டு வரவேற்பறையில் நடக்கும் கூட்டத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து நாலு குடும்பம் திட்டமிட்டு வந்தால் வட்டாரமே கைமாறும். பணமோ பத்திரிகை ஆதரவோ அங்கே செல்லாது. நேரமும் பொறுமையும்தான் செல்லும். நியூயார்க்கின் கிழக்கு வட்டாரத்துப் பணமுதலைகள் மாநில ஆளுநர்களைச் சரிக்கட்டிக்கொண்டிருந்தபோது, வைட்டின் ஆட்கள் 1962லிருந்தே அடிமட்டக் குழுக்களில் பெயர் பதிந்து காத்திருந்தார்கள். நியூயார்க் சானின் கட்டடத்தில் 3505 என்ற அறைதான் அலுவலகம். வாசலில் கோல்ட்வாட்டர் பெயர்கூடக் கிடையாது.

1964 ஜூன் 2 கலிஃபோர்னியா பிரைமரியில் நியூயார்க் ஆளுநர் ராக்கஃபெல்லரை கோல்ட்வாட்டர் 51.6 விழுக்காட்டில் தாண்டினார். 86 பிரதிநிதிகள் மொத்தமாக வந்தார்கள். ஆரஞ்சு கவுன்டியின் புதுக் குடியிருப்புகளில் காபிக் கூட்டம் நடத்திய இல்லத்தரசிகள் இல்லாமல் அந்த வித்தியாசம் வந்திருக்காது. ஜூலையில் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் முதல் சுற்றிலேயே 883 ஓட்டு.

அதன் பிறகு எல்லாம் தப்பாகப் போனது. கோல்ட்வாட்டர் வைட்டை ஓரங்கட்டிவிட்டு அரிசோனா நண்பர்களிடம் பிரச்சாரத்தைக் கொடுத்தார். பிரதிநிதி வேட்டையில் கைதேர்ந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். பொதுத் தேர்தலை அறியாதவர்கள் நடத்தினார்கள். சுதந்திரத்தைக் காக்கும் தீவிரவாதம் குற்றமல்ல என்று ஏற்புரையில் முழங்கியது, பர்ச் சொசைட்டியோடு அவரை முடிச்சுப்போட எதிர்த்தரப்புக்குக் கிடைத்த கயிறு. அதற்குச் சில வாரம் முன்புதான், இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைச் சட்டத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டிருந்தார். குடியரசுக் கட்சி செனட்டர்களில் 27 பேர் ஆதரித்த சட்டம் அது, எதிர்த்தவர்கள் ஆறே பேர். நவம்பரில் கிடைத்தது 38.5 விழுக்காடு, ஆறு மாநிலம்: சொந்த அரிசோனா, மீதி ஐந்தும் தெற்கின் அடிவயிறு. கட்சிக்கு அன்று அவமானமாகத் தெரிந்த அந்த ஐந்து மாநிலம்தான் பின்னாளில் அதன் நிலையான வருமானம். அரசு தலையீட்டைக் கொள்கையாக எதிர்த்து ஓட்டுப் போட்டதாக கோல்ட்வாட்டர் சொன்னார். மிசிசிப்பியில் ஓட்டுப் போட்டவர்கள் கொள்கைக்காகப் போட்டார்கள் என்று நம்புவதற்கு நிறைய நல்லெண்ணம் வேண்டும்.

ஆனாலும் 2 கோடியே 70 லட்சம் பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். யார் அவர்கள்? ரிச்சர்ட் விகுவரி என்ற டெக்சாஸ் இளைஞருக்கு அதற்கு விடை இருக்கும் இடம் தெரிந்தது. 50 டாலரோ அதற்கு மேலோ கொடுத்த கோல்ட்வாட்டர் நன்கொடையாளர்களின் பெயர்கள் காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் அவையின் செயலரிடம் தாக்கலாகியிருந்தன. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். விகுவரி போனார், கையால் எழுதினார், கூலிக்குப் பெண்களை அமர்த்தி எழுத வைத்தார். 12,500 பெயர். அதை நாடாவில் ஏற்றி 1965இல் அஞ்சல்வழி நிதி திரட்டும் தொழிலைத் தொடங்கினார்.

அஞ்சல் தொழிலின் கணக்கு புரியாமல் இந்த இயக்கம் புரியாது. உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முன்பின் அறியாத ஒரு லட்சம் பேருக்குக் கடிதம். அச்சு, தபால், பட்டியல் வாடகை எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 25 சென்ட் என்றால் 25,000 டாலர் செலவு. நூற்றுக்கு ஒன்றரைப் பேர் ஆளுக்கு 15 டாலர் அனுப்புகிறார்கள்: 22,500. நஷ்டம் 2,500. வெளியாள் இங்கேயே கையைக் கழுவிவிடுவார். தொழில் தெரிந்தவர் அந்த நஷ்டத்தை 1,500 பெயர்களுக்குக் கொடுத்த விலையாகப் பார்ப்பார். ஏற்கெனவே கொடுத்தவர் மறுபடியும் கொடுப்பார். அந்த 1,500 பேருக்கு மறு கடிதம் போட்டால் பத்தில் ஒருவர் பதில் தருவதாகக் கொண்டால் 2,250 வரவு, 375 செலவு. ஆண்டுக்கு ஆறு கடிதம் போட்டால் 11,250 மிச்சம். பட்டியலை மற்றவருக்கு வாடகைக்கும் விடலாம். திருட்டைப் பிடிக்க நடுவே சில போலிப் பெயர்களைச் செருகி வைப்பார்கள்; அனுமதியில்லாமல் யாராவது கடிதம் போட்டால் அந்த முகவரிக்கு வந்து மாட்டிக்கொள்ளும்.

கடிதத்துக்கும் இலக்கணம் உண்டு. ஒரு பக்கத்தைவிட நாலு பக்கம் அதிகம் வசூலிக்கும். எதிரி ஒருவர்தான் இருக்க வேண்டும், பெயரோடு. கெடு இருக்க வேண்டும். பின்குறிப்பு அவசியம், பலர் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள். நல்ல செய்தி எழுதினால் பணம் வராது. நிதானமான கொள்கை விளக்கம் எழுதினாலும் வராது. இயக்கத்தின் குரல் ஏன் ஆண்டுக்காண்டு உச்சஸ்தாயிக்குப் போனது என்பதற்குத் தத்துவக் காரணம் தேடுபவர்கள் முதலில் இந்த உறையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாட்டர்கேட்டுக்குப் பிறகு 1974இல் வந்த தேர்தல் நிதிச் சட்டம், ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 1,000 டாலருக்கு மேல் தரக் கூடாது என்றது. பெருந்தனக்காரரை அடக்க வந்த சீர்திருத்தம், சின்னக் கொடையாளர் பட்டியல் வைத்திருந்தவரை ராஜாவாக்கியது. அதே காலத்தில், இனப் பிரிவினையை ஆதரித்த அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸுக்காக நிதி திரட்டிய விகுவரிக்கு, குடியரசுக் கட்சியை எட்டிப் பார்த்திராத தென்னகத்து உழைக்கும் வெள்ளையரின் முகவரிகளும் வந்து சேர்ந்தன.

ஃபிலிஸ் ஷ்லாஃப்லியின் கதையும் இதே அச்சு. இலினாய் மாநிலம் ஆல்டனில் ஆறு பிள்ளைகளின் தாய். 1967இல் குடியரசுக் கட்சிப் பெண்கள் சம்மேளனத் தலைவர் தேர்தலில் தோற்றார். உடன் நின்ற சுமார் 3,000 பெண்களுக்கு அந்த ஆண்டே மாதச் செய்தி மடல் அனுப்பத் தொடங்கினார். ஆண், பெண் சம உரிமை அரசியல் சட்டத் திருத்தம் 1972 மார்ச்சில் காங்கிரஸைத் தாண்டியபோது அதைத் தடுக்க முடியும் என்று யாரும் நினைக்கவில்லை. ஓராண்டுக்குள் 30 மாநிலம் ஒப்புதல் தந்துவிட்டன, வேண்டியது 38. ஷ்லாஃப்லி கணக்கைத் திருப்பிப் போட்டார். நாட்டையே வெல்லத் தேவையில்லை. 13 மாநிலம் போதும். அந்த 13லும் இரு அவைகளில் ஒன்று மறுத்தால் போதும். செய்தி மடல் பெண்கள் வீட்டில் சுட்ட ரொட்டியும் பழ ஜாமும் எடுத்துக்கொண்டு சட்டமன்ற வாசலில் நின்றார்கள். சாட்சியம் எப்படிச் சொல்வது, தொலைக்காட்சியில் என்ன நிறத்தில் உடுத்துவது வரை பயிற்சி. இலினாயில் மன்ற விதியே ஐந்தில் மூன்று பங்கு ஓட்டுக் கேட்டது. திருத்தம் அங்கே திரும்பத் திரும்ப விழுந்தது. ஒப்புதல் 35 மாநிலத்தோடு நின்றது. கெடுவை நீட்டியும் 1982 ஜூன் 30 அன்று திருத்தம் காலாவதியானது. கிளிஃப்டன் வைட்டுக்கு நிகரான அரசியல் கணிதம் தெரிந்தவர் இந்த இயக்கத்தில் இவர் ஒருவரே. 1980இல் ரீகன் அதிபர் தேர்தலில் வென்றபின் இவருக்குப் பெரிய பதவி எதுவும் தரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

சிந்தனைக் கூடங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1971இல் ஒலியை மிஞ்சும் விமானத் திட்டம் பற்றி ஒரு ஆய்வு நிறுவனத்தின் நல்ல அறிக்கை, செனட் ஓட்டெடுப்பு முடிந்த பிறகு வந்து சேர்ந்ததாம். அதில் எரிச்சலடைந்த பால் வேய்ரிக்கும் எட்வின் ஃபுல்னரும் 1973இல் பீர் ஆலை அதிபர் ஜோசப் கூர்ஸின் பணத்தில் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார்கள். விமான நிலையத்திலிருந்து நாடாளுமன்றம் போய்ச் சேர்வதற்குள் படித்து முடிக்கும் அளவில் அறிக்கை இருக்க வேண்டும் என்பது விதி. நியூயார்க்கிலிருந்து இர்விங் கிறிஸ்டல் வகையறா நியோகன்சர்வேட்டிவ்கள் வந்து சேர்ந்ததும் இதே காலம். அவர்களில் சிலரும் இளமையில் ட்ராட்ஸ்கியவாதிகளாக இருந்து, லிபரல்களாகி, அங்கிருந்து மாறியவர்கள்தான். பட்டியல் கொண்டுவரவில்லை, புள்ளிவிவரம் கொண்டுவந்தார்கள்.

பணவீக்கம் செய்த வேலை பெரிது. 1970களில் கலிஃபோர்னியாவில் வீட்டு விலை ஏற ஏறச் சொத்து வரியும் ஏறியது. வீட்டை விற்காதவருக்குக் கையில் காசு வராது, வரி மட்டும் வரும். ஹோவர்ட் ஜார்விஸ் என்ற முதியவர் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்து திரட்டி 13ஆம் முன்மொழிவை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார். 1978 ஜூன் 6 அன்று ஏறக்குறைய 65 விழுக்காடு ஆதரவு. வரி, வீட்டு மதிப்பில் ஒரு விழுக்காடுதான். மதிப்பு ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது. விற்றால் மட்டும் மறுமதிப்பு. மாநில வரியை உயர்த்த மூன்றில் இரு பங்கு ஓட்டு. விளைவு? ஒரே தெருவில் ஒரே மாதிரி இரண்டு வீடு, 1975க்கு முன் வாங்கியவருக்கு ஒரு வரி, புதிதாக வந்தவருக்குப் பல மடங்கு. இன்னொன்றை இயக்கத்தினர் பேச விரும்புவதில்லை. பள்ளிக்கூடத்துக்கு உள்ளூர் வரி வற்றியதும் பணம் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவிலிருந்து வர வேண்டியதாயிற்று; பணத்தோடு அதிகாரமும் தலைநகருக்குப் போனது. உள்ளூர் ஆட்சியைக் காக்க வந்தவர்கள் அதன் கஜானாவைக் காலி செய்தார்கள்.

தேவாலயம் கடைசியாக வந்தது. 1973இல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை அனுமதித்தபோது தெருவில் இறங்கியவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். தென்னக பாப்டிஸ்டுகளின் மாநாடு 1971இல், சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்றே தீர்மானம் போட்டிருந்தது. வேய்ரிக் பல விஷயங்களைச் சொல்லிப் போதகர்களை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. 1978இல், கறுப்பின மாணவர்களைப் போதிய அளவு சேர்க்காத தனியார் பள்ளிகளின் வரிவிலக்கைப் பறிக்கும் விதியை வருமான வரித்துறை முன்வைத்ததும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. கிறிஸ்தவப் பள்ளி நடத்திய போதகர்கள் அரசியலுக்கு வந்தார்கள். 1979இல் ஜெர்ரி ஃபால்வெல்லின் ‘மாரல் மெஜாரிட்டி’ எழுந்தது. கருக்கலைப்பு எதிர்ப்பு அதன் கொடியானது உண்மை. கொடியைப் பிடித்த கை எப்படி வந்தது என்பதில் பள்ளி வரிவிலக்குக்குப் பங்கு உண்டு.

1978இல் பனாமா கால்வாயை ஒப்படைக்கும் ஒப்பந்தம் செனட்டில் 68க்கு 32 என நிறைவேறியது. ஓட்டில் தோற்ற விகுவரி வருந்தவில்லை. அந்தச் சண்டையில் புதிய பெயர்கள் வந்து சேர்ந்திருந்தன. 1976இல் வேட்புரிமையை 1,187க்கு 1,070 என்ற கணக்கில் அதிபர் ஃபோர்டிடம் இழந்த, கலிஃபோர்னியாவின் முன்னாள் ஆளுநர் ரீகன், 1980இல் 44 மாநிலங்களை வென்றார்.

வென்ற பிறகு எதிரியின் பெயரை எழுத முடியவில்லை. வெள்ளை மாளிகையில் நம் ஆள் இருக்கும்போது ‘கடைசி வாய்ப்பு, உடனே 15 டாலர் அனுப்புங்கள்’ என்றால் யார் அனுப்புவார்? ஒரே கொடையாளர்களுக்குப் பத்து அமைப்புகள் கடிதம் போட்டுப் போட்டுப் பட்டியல் தேய்ந்தது. அச்சுக்கூலியும் தபாலும் வரவைத் தின்றன. 1984 நவம்பரில் ரீகன் 49 மாநிலங்களை வென்றார். அடுத்த ஆண்டு விகுவரி கடனில் சிக்கி, தான் நடத்திவந்த ‘கன்சர்வேட்டிவ் டைஜெஸ்ட்’ பத்திரிகையை விற்றார்.